ஊருக்குப் போகிற பை

தேயிலை விலை விழுந்திருந்த அந்த வருஷங்களில், எங்கள் ஊரில் 'பை கட்டுவது' என்றால் ஒரே பொருள்தான். குன்னூரிலிருந்து கோத்தகிரி போகும் வழியில் உள்ள சிறிய கடைவீதி அது. அங்கிருந்து குடும்பம் குடும்பமாகத் திருப்பூருக்கு இறங்கிக்கொண்டிருந்தார்கள். யாரும் முன்கூட்டிச் சொல்லிக்கொள்ளவில்லை. ஒருநாள் காலை முதல் பஸ்ஸுக்குப் பைகளோடு நிற்பார்கள். பார்த்தவர்கள் டீக்கடைக்கு வந்து, அவர்களும் பை கட்டிவிட்டார்கள் என்று சொல்வார்கள். அடுத்தது யார் என்ற பேச்சு கேலியாகத் தொடங்கும். கேலியாக முடியாது.

அந்த நேரத்தில்தான் முதல் பிரசவத்துக்காக நான் அம்மா வீட்டுக்கு வந்தேன். கோயம்புத்தூரில் ஒரு நாளிதழில் பிழை திருத்துபவளாக வேலை பார்த்தேன். கணவருக்கும் அங்கேதான் வேலை. வலி வந்ததும் தகவல் சொன்னால் வந்துவிடுவதாக அவர் சொல்லியிருந்தார்.

அப்பா கடைவீதிக்குக் கீழே இருந்த தேயிலை ஃபேக்டரியில் கிளார்க். அந்த ஃபேக்டரிக்குச் சொந்தத் தோட்டம் கிடையாது. அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருந்த சிறு விவசாயிகள் கொண்டுவரும் பச்சை இலையை வாங்கி அரைத்தார்கள். காலையில் பறித்த இலை அன்று மாலைக்குள் எடைபோடும் இடத்துக்கு வந்துவிட வேண்டும். மறுநாள் வரை சாக்கில் கிடந்தால் உள்ளுக்குள்ளேயே சூடேறிக் கறுத்துவிடும். அதனால் விலை எவ்வளவு என்பதைவிட, நாளைக்கு ஃபேக்டரி உண்டா இல்லையா என்பதுதான் அவர்களுக்குப் பெரிய கேள்வி. முதலாளி சமவெளியில் இருந்தார். இவர்கள் அவரை அதிகம் பார்த்ததில்லை. தராசுக்குப் பக்கத்தில் நிற்கிற அப்பாவின் முகம்தான் அவர்களுக்கு ஃபேக்டரி. 'கிளார்க்கய்யா' என்று அழைப்பார்கள். அம்மா 'கிளார்க்கம்மா'.

அடுத்த பள்ளத்தில் இன்னொரு ஃபேக்டரி இருந்தது. அங்கே அந்த மாதம் இன்னும் கொஞ்சம் பேருடைய இலையைப் புதிதாக எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். இடம் நிரம்பியதும் நிறுத்திவிடுவார்கள். எங்கள் ஃபேக்டரியை மூடுவதாக இருந்தால் அதற்குள் போய்ப் பேர் கொடுத்தாக வேண்டும். மூடுவதாக இல்லையென்றால் பழைய இடத்தை விட்டுப் போவது புத்திசாலித்தனம் இல்லை. கடைவீதியில் எல்லோர் மண்டையிலும் ஓடிக்கொண்டிருந்த கணக்கு இதுதான். நான் வந்த முதல் வாரத்திலேயே எனக்கு அது தெரிந்திருந்தது.

பையை முன்னதாகக் கட்டி வைக்கச் சொன்னது குன்னூர் ஆஸ்பத்திரி நர்ஸ். மழைக்காலம், ரோட்டில் எப்போது மண் சரியும் என்று சொல்ல முடியாது, வலி வந்த பிறகு துணி தேடிக்கொண்டிருக்காதீர்கள் என்று கடைசிப் பரிசோதனையில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. பிறக்காத குழந்தைக்கு எதையும் தயார் செய்து வைக்கக் கூடாது என்பது அவளுடைய எண்ணம். பிரசவம் என்ற சொல்லையே அவள் வாய்விட்டுச் சொல்லமாட்டாள். 'அது' என்பாள், 'அந்த நேரம்' என்பாள். ஆனாலும் மழை வலுத்த ஒரு காலையில், நர்ஸ் சொன்னது நினைவுக்கு வந்திருக்க வேண்டும், கட்டிலுக்கு அடியிலிருந்த டிரங்குப் பெட்டியை இழுத்தாள்.

புதிதாக ஒன்றும் வாங்கக் கூடாது என்பதால் பழையதுதான் தேட வேண்டியிருந்தது. பெட்டியில் இருந்த எல்லாவற்றையும் எடுத்து முன்னறைத் தரையில் குவித்தாள். அப்பாவின் தேய்ந்த வேட்டிகளை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்து, நூல் நைந்தவற்றை மட்டும் பிரித்து வைத்தாள். குழந்தையைச் சுற்ற அதுதான் மெத்தென்று இருக்குமாம். இரண்டு பருத்திச் சேலைகளைக் கிழித்து, பிரசவத்துக்குப் பிறகு எனக்கு வேண்டியிருக்கும் என்று பட்டை பட்டையாக மடித்தாள். முன்பக்கம் பட்டன் வைத்த நைட்டிகள், உள்பாவாடைகள், என் கல்லூரிக் காலத்து ஸ்வெட்டர், காதைக் கட்டிக்கொள்ள மஃப்ளர், ஃபிளாஸ்க், டம்ளர், சோப்பு. மலையில் பிறக்கிற குழந்தைக்குத் தலையை மூடாமல் முடியாது. அதற்காக என்னுடைய பழைய ஸ்வெட்டர் ஒன்றைப் பிரித்து, அந்தக் கம்பளி நூலிலேயே ஒரு குல்லா பின்னி வைத்திருந்தாள். நூல் பழசுதானே என்றாள். தன் சட்டத்தில் அவளே கண்டுபிடித்த ஒரே ஓட்டை அது.

பை, அப்பாவின் பழைய ரெக்ஸின் பை. ஜிப் எப்போதோ போய்விட்டது. இலைச் சாக்கு கட்டும் நீல நைலான் கயிற்றால் அதைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி வாசலோரம் வைத்தாள். அப்போதுதான் பால்காரம்மா வந்தாள்.

அவளுக்கு ஒரு மாடும் அரை ஏக்கர் தேயிலையும் இருந்தன. காலையில் பால் ஊற்றுவாள், பிறகு இலை பறிப்பாள், மாலையில் கணவரோடு சாக்கைத் தூக்கிக்கொண்டு எடைக்குப் போவாள். அன்று கதவருகே நின்று அவள் பார்த்ததை இப்போது என்னால் அவள் கண்ணால் பார்க்க முடிகிறது. மூடி திறந்து கிடந்த பெட்டி. தரை முழுக்கத் துணிக் குவியல். கயிறு போட்டுக் கட்டிய பை. காலி செய்கிற வீடு அப்படித்தான் இருக்கும்.

பை எதற்கு என்று கேட்டாள். நான் அடுப்படியில் இருந்தேன், அம்மா சொன்ன பதில் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"சும்மா, ஊருக்குப் போறதுக்குங்க."

பிரசவப் பை என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. எங்கள் பக்கத்தில் பெண்கள் இப்படித்தான் சுற்றிவளைத்துச் சொல்வார்கள். நானும் அதில் ஒன்றும் தவறாக நினைக்கவில்லை. எனக்கு நாள் நெருங்கியிருந்தது பால்காரம்மாவுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் எங்கள் ஊரில் யாரும் வலி வருவதற்கு முன்னால் பை கட்டியதில்லை. அவள் பாலை ஊற்றிவிட்டு, வழக்கமாகச் சொல்லும் நாலு வார்த்தைகளைச் சொல்லாமல் போனாள்.

மதியம் அம்மா அடுப்புக்கரி வாங்கப் போனபோது கடைக்காரர், இவ்வளவு கரி தேவைப்படுமா, யோசித்துத்தான் கேட்கிறீர்களா என்றாராம். அம்மா அதை என்னிடம் வேடிக்கையாகச் சொன்னாள். இந்த மழைக் குளிரில் கரி வேண்டாமா என்று இரண்டு பேரும் சிரித்தோம்.

மாலை எடை முடிந்ததும் வந்தார்கள். மழை விட்டிருந்தது, மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. அப்பா முன்னால் நடந்து வந்தார். அவருக்குப் பின்னால் பத்துப் பதினைந்து பேர், பெரும்பாலும் ஆண்கள், மழைக்குச் சாக்கை மடித்துத் தலையில் போட்ட கொங்காணியோடு. பால்காரம்மாவும் அவள் கணவரும் கடைசியில் நின்றார்கள். யாரும் கத்தவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு அவர்கள் நின்றதைப் பார்த்தபோது, கத்தியிருந்தாலே பரவாயில்லை என்று எனக்குத் தோன்றியது. நான் ஜன்னலுக்குப் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

வயதில் பெரியவர் ஒருவர் பேசினார். தோட்டத்திலும் வாயிலும் யாரும் அவரை மிஞ்ச முடியாது என்று பேர் வாங்கியவர். கிளார்க்கய்யா ஊருக்குப் போவதாகக் கேள்விப்பட்டோம், அதுதான் பார்த்துவிட்டுப் போகலாமென்று வந்தோம் என்றார். எந்த ஊருக்கும் போகவில்லை என்று அப்பா சொன்னார்.

"ஏனுங்க, போன மாசம் பேக்கரிக்காரரும் இதையேதான் சொன்னாருங்க. மறுநா போய்ப் பாத்தா பன்னு இருக்குது, ஆளக் காணோம்."

பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். பன்னாவது இருந்ததே, இங்கே இருக்கிற பச்சை இலையை யார் தின்பது என்று இன்னொருவர் சொன்னார். அப்போது சிரிப்பு நின்றது. அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காலையில் தான் சொன்ன வார்த்தை என்ன செய்திருக்கிறது என்று அவளுக்கு அந்த நிமிஷத்தில்தான் புரிந்திருக்க வேண்டும். வாயைத் திறந்தாள், இத்தனை ஆண்களைப் பார்த்ததும் மூடிக்கொண்டாள்.

பெரியவர் விடவில்லை. பையை ஒருதரம் பார்த்துவிட்டால் போய்விடுகிறோம் என்றார். சாமி படமும் ரேஷன் கார்டும் உள்ளே இருந்தால் போகிறவர்கள், இல்லையென்றால் இல்லை, இவ்வளவுதான் விஷயம்.

அப்பா உள்ளே வந்து பையைத் தூக்கினார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். கோபம் இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. எதையோ கணக்குப் போடுகிறவரைப் போல இருந்தார். பையை வாசல் சிமெண்டில் வைத்து, அதன் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, முடிச்சை நிதானமாக அவிழ்த்தார்.

"இது பிரசவப் பைங்க. எம் பொண்ணு பிரசவத்துக்குக் கட்டுனது."

அதோடு நிறுத்தியிருக்கலாம். பையின் வாயைத் திறந்து காட்டினாலே போதும், மேலே இருந்தது நைட்டியும் ஃபிளாஸ்க்கும்தான். ஆனால் அவர் ஒவ்வொன்றாக வெளியே எடுக்க ஆரம்பித்தார். என் நைட்டிகளைப் பிரித்துக் காட்டி மடியில் போட்டுக்கொண்டார். உள்பாவாடைகளை எடுத்தார். பட்டை பட்டையாக மடித்த சேலைத் துணிகளை எடுத்துச் சிமெண்டில் அடுக்கினார். அவை எதற்கு என்று அங்கே நின்ற கல்யாணமான ஆண்கள் எல்லோருக்கும் தெரியும். தலைகள் குனிந்தன. ஒருவர் துண்டை எடுத்து, துடைக்க ஒன்றும் இல்லாத முகத்தைத் துடைத்தார். பெரியவர் திரும்பிக்கொண்டு மூடுபனியைப் பார்த்தார்.

நான் எழுந்து உள்ளே போயிருக்கலாம். வயிற்றைத் தூக்கிக்கொண்டு எழுவதற்கு நேரமாகும், நாற்காலி சத்தம் போடும், எல்லோரும் ஜன்னலைப் பார்ப்பார்கள். அதனால் அசையாமல் இருந்தேன். என்னையே நடுத்தெருவில் அவிழ்த்துவிட்டது போல் இருந்தது என்று எழுதினால் மிகையாகத் தெரியும். ஆனால் வேறு எப்படி எழுதுவது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

"போதுமுங்க கிளார்க்கய்யா, கட்டுங்க" என்றாள் பால்காரம்மா.

அவர் நிறுத்தவில்லை. தன் வேட்டித் துண்டுகளை எடுத்தார். கடைசியாக அந்தக் குல்லாவை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். பால்காரம்மா முன்னால் வந்து, அவர் கையிலிருந்து அதை வாங்கி, சிமெண்டில் கிடந்தவற்றையெல்லாம் தன் முந்தானையில் அள்ளி அம்மாவிடம் கொடுத்தாள். அதற்குள் பின்வரிசையில் இருந்தவர்கள் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்கள். பெரியவர் தப்பாக நினைக்க வேண்டாம் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு இறங்கினார். வந்ததைவிட வேகமாகப் போனார்கள்.

அம்மா அன்று அழுதாள். ஊருக்கு என்று சொன்ன தன் வாயைத்தான் நொந்துகொண்டாள். அப்பா சாப்பிட்டுவிட்டுப் படுத்தார்.

மறுநாள் காலை பால்காரம்மா பாலோடு ஒரு துணிப் பொட்டலத்தையும் கொண்டுவந்தாள். உள்ளே வெளுத்த வேட்டித் துண்டுகள், தோய்த்துத் தோய்த்துப் பட்டு மாதிரி ஆனவை. நன்றாக வளர்கிற பிள்ளைகள் உள்ள வீட்டிலிருந்து முதல் துணி வாங்கிச் சுற்றினால் குழந்தை நோயில்லாமல் வளரும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதை நாங்கள்தான் போய்க் கேட்க வேண்டும். கேட்காமலே அவள் எடுத்து வந்திருந்தாள்.

"எம் மூணு பசங்களையும் இதுலதான் சுத்துனேன் அம்மிணி. ஒண்ணுக்கும் ஒரு சளி புடிச்சதில்ல" என்று என்னிடம் சொன்னாள். முந்தின நாளைப் பற்றி அவளும் பேசவில்லை, நாங்களும் பேசவில்லை. போகும்போது மட்டும், ஆட்கள் பேசுவதைக் கேட்டு வந்துவிட்டோம், மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று அம்மாவின் கையைப் பிடித்துச் சொன்னாள். அம்மா பையை மறுபடி அவிழ்த்து, அந்தத் துணிகளை எல்லாவற்றுக்கும் மேலே வைத்தாள்.

நர்ஸ் சொன்ன தேதிக்கு முன்பே வலி வந்தது. முற்பகல் நேரம். ஃபேக்டரிக்கு ஆள் அனுப்பி, கடைவீதி ஜீப்பைப் பிடித்து, அம்மாவும் அப்பாவும் நானும் போனோம். ரோட்டில் ஓரிடத்தில் மண் சரிந்து பாதி வழிதான் இருந்தது. ஜீப்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே மெல்ல ஓட்டினார். பெரிய சிக்கல் ஒன்றும் இல்லை. சாயங்காலம் பெண் குழந்தை பிறந்தது. துணி கொடுங்கள் என்று நர்ஸ் கையை நீட்டியதும், அம்மா பையின் மேலே இருந்ததை எடுத்துக் கொடுத்தாள். என் மகள் முதலில் படுத்தது பால்காரம்மா வீட்டுத் துணியில்தான்.

கணவர் வந்து, குழந்தையைப் பார்த்து, லீவு முடிந்து திரும்பிய மறுநாள், பார்வையாளர் நேரத்தில் அப்பா வந்தார். என் கட்டில் ஜன்னலோரம். பக்கத்துக் கட்டில் பெண்ணின் மாமியார் கோத்தகிரியிலிருந்து வந்திருந்தார். வழியெல்லாம் யாரோ பச்சை இலையை ரோட்டோரம் கொட்டி வைத்திருக்கிறார்கள், பார்க்கவே வயிறு எரிகிறது என்று பொதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா திரும்பி அப்பாவைப் பார்த்தாள்.

ஃபேக்டரியை மூடிவிட்டார்கள் என்றார் அப்பா. நேற்று காலை கேட்டில் பூட்டுப் போட்டாயிற்று, மாலையில் இலையோடு வந்தவர்கள் பூட்டைத்தான் பார்த்தார்கள். அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தபடி சொன்னார். அம்மா குழந்தையின் குல்லாவைச் சரிசெய்தாள்.

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"முதலாளி போன் பண்ணிச் சொன்னாரு. ஏலத்துக்கு அனுப்பற கடைசி லாட்டுக்கு இலை பத்தல, அதுவரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாதுன்னாரு."

"எப்பன்னு கேட்டேன்."

"அவங்க நம்மூட்டுக்கு வந்தாங்கல்ல, அதுக்கு மொத நாளு."

அம்மா கையிலிருந்த டம்ளரை மேஜையில் வைத்தாள். அப்பா குரலைத் தாழ்த்திக்கொண்டார். நான் தூங்குவதாக நினைத்திருப்பார்.

"நான் ஒண்ணும் பொய் சொல்லலையே. எங்கயும் போகலன்னேன். போகல. பிரசவப் பைன்னேன். பிரசவப் பைதான?"

என் தொழிலில் ஒரு வாக்கியம் கைக்கு வந்தால் முதலில் பார்ப்பது அதில் தவறு எங்கே என்றுதான். அப்பாவின் வாக்கியங்களில் ஓரிடத்திலும் பேனா வைக்க முடியாது. எழுத்து சரி, தகவல் சரி. அப்படியே அச்சுக்குப் போகலாம். கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்த எனக்கு அந்த மாலை முழுதாகத் திரும்பி வந்தது. பையின் வாயைத் திறந்து காட்டியதோடு அவர் ஏன் நிறுத்தவில்லை என்பது இப்போது புரிந்தது. நைட்டி போதாது. உள்பாவாடை போதாது. அவர்கள் ஒரு கேள்வி கேட்க வந்திருந்தார்கள். நீங்கள் போகிறீர்களா என்பது அந்தக் கேள்வி இல்லை, அது அதற்கு முன்னால் கேட்பது. ஃபேக்டரி இருக்குமா என்பதுதான் கேள்வி. அதைக் கேட்க முடியாதபடி அவர்களுக்கு வெட்கம் வரும்வரை எடுத்து அடுக்கிக்கொண்டே இருந்தார். என் துணிகளை வைத்து.

நான் அவரை வெறுக்க முயன்றேன். சரியாக வரவில்லை. அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. மூடப்போகிற ஃபேக்டரியின் முதலாளி சொன்னதைக் கேட்காமல் போனால் வேறு எங்கேயும் சேர்த்துக்கொள்ளமாட்டார்கள் என்று பயந்திருக்கலாம். பழக்கத்தில் கேட்டிருக்கலாம். எதுவாக இருந்தாலும் குழந்தையைச் சுற்றியிருந்த துணியைப் பார்க்க எனக்குக் கூசியது. அதை மாற்றச் சொன்னேன். ஈரமாகவா இருக்கிறது என்று அம்மா தொட்டுப் பார்த்தாள். இல்லை என்றாள். மாற்றவில்லை.

வீட்டுக்குத் திரும்பும் நாளில் அப்பாதான் ஜீப் கொண்டுவந்தார். இங்கிருந்தே மேட்டுப்பாளையத்துக்கு இறங்கிவிடலாம், என் சித்தி வீட்டில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வரலாம் என்று பேச்சை எடுத்தார். அம்மா பையைத் தூக்கி ஜீப்பின் பின்னால் வைத்து, மேல் பக்கம் போகச் சொல்லி ஜீப்காரரிடம் கை காட்டினாள். ஃபேக்டரிக்குப் பிரியும் வளைவில், சாவி ஒப்படைக்க வேண்டியிருக்கிறது என்று அப்பா இறங்கிக்கொண்டார். யாரிடம் ஒப்படைப்பது என்று நாங்கள் கேட்கவில்லை. தேயிலைக்குள் போகும் ஒற்றையடிப் பாதையில் இறங்கிப் போனார். அந்தப் பாதை கடைவீதியைத் தொடாமல் எங்கள் வீட்டின் பின்பக்கம் வந்து சேரும்.

ரோட்டோரம் இலைக் குவியல்கள் இருந்தன. மேலே கறுத்திருந்தது, உள்ளே சூடு ஏறி ஆவி வந்தது. அந்தக் குளிரில் ஒவ்வொரு குவியலும் புகைந்துகொண்டிருந்தது. புளித்த வாடை ஜீப்புக்குள் வந்ததும் அம்மா முந்தானையால் குழந்தையின் மூக்கை மறைத்தாள். கடைவீதியில் டீக்கடை பெஞ்சில் ஆட்கள் இருந்தார்கள். ஜீப் நின்றதும் பேச்சு நின்றது. பெரியவரும் இருந்தார். யாராவது எதையாவது சொல்வார்கள் என்று முதுகை விறைத்துக்கொண்டு இறங்கினேன். நீலக் கயிறு கட்டிய பையை அம்மா தூக்கிக்கொண்டு நடந்தபோது எல்லோரும் அதைப் பார்த்தார்கள். வாசல் வரை பார்த்தார்கள்.

மதியத்துக்கு மேல் பால்காரம்மா வந்தாள். அவள் வருவாள் என்று நான் நினைக்கவில்லை. கை கால் கழுவிக்கொண்டு வந்து, அடுப்பில் உள்ளங்கையைச் சூடு காட்டி, குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள். தன் துணியைப் பார்த்தாள். யார் சாடை என்று பேசினாள், பால் ஊறுகிறதா என்று என்னிடம் விசாரித்தாள், குழந்தையின் நாக்கில் முதலில் சேனை தொட்டு வைத்தது யார் என்று கேட்டாள். பிறகு குழந்தையிடமிருந்து கண்ணை எடுக்காமலே அம்மாவிடம் கேட்டாள்.

"ஏனுங்க, அன்னைக்கு நாங்க வந்தமே, அப்பவே கிளார்க்கய்யாவுக்குத் தெரியுமுங்களா?"

அம்மா என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியாதே என்று அவள் சொல்லியிருந்தால், அன்றைய தேதிக்கு அதுவும் உண்மைதான். பிரசவம் என்ற சொல்லைக்கூடச் சொல்லத் தயங்குகிறவள். சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"தெரியுமுங்க" என்றாள்.

பால்காரம்மா தலையை ஆட்டினாள். இதைத்தான் எதிர்பார்த்தேன் என்பது போலவும் இருந்தது, இதைச் சொல்லமாட்டீர்கள் என்று நினைத்தேன் என்பது போலவும் இருந்தது. குழந்தை முகத்தைச் சுளித்தது. தட்டிக் கொடுத்தாள்.

"அன்னைக்கு எங்கூட்டுக்காரரு நேரா அந்தப் பள்ளத்து ஃபேக்டரிக்குப் போய்ப் பேரு குடுக்கறேன்னுதானுங்க கெளம்பினாரு. நாந்தான் நிறுத்துனேன். புள்ளப் பெறப் போறவ துணிய நடு வாசல்ல போட்டு எடுக்க வெச்சுட்டு, இன்னும் என்ன சந்தேகம்னு கேட்டேன்."

அந்த ஃபேக்டரியில் இப்போது இடம் இல்லையா என்று நான் கேட்டேன். கேட்டிருக்க வேண்டியதில்லை. ரோட்டில் கிடந்ததைப் பார்த்துக்கொண்டுதான் வந்திருந்தேன்.

"அங்க கேட்டுலயே திருப்பி அனுப்பறாங்க அம்மிணி" என்றாள். பிறகு, என்னைச் சமாதானம் செய்வது போல, "துணியப் பாத்ததும் எங்களுக்கு வெக்கமாப் போச்சு. கேக்க வந்ததக் கேக்காமயே போயிட்டோம்" என்றாள்.

குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு எழுந்தாள். அம்மா அவசரமாக உள்ளே போய், மீதியிருந்த துணிகளை மடித்து எடுத்துவந்து நீட்டினாள். இதையெல்லாம் நாங்கள் வைத்துக்கொள்வது சரியாக இருக்காது என்று சொன்னாள். பால்காரம்மா அதைத் தொடவில்லை. பிள்ளை மேல் போட்ட துணியைத் திரும்ப வாங்கும் வழக்கம் இல்லை என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அம்மாவால் தலை நிமிர்ந்திருக்க முடியும்.

அவள் போன பிறகு வெயில் வந்தது. பல நாள் மழைக்குப் பின் வந்த நல்ல வெயில், எல்லா வீட்டு முன்னாலும் கயிறு நிறையத் துணி காய்ந்தது. அம்மா பையிலிருந்த அழுக்கையெல்லாம் எடுத்துத் தோய்த்தாள். என் நைட்டிகளையும் சேலைத் துண்டுகளையும் வாசல் கயிற்றில் போட்டாள். அவற்றைப் பார்க்காதவர்கள் என்று இனி ஊரில் யாரும் மிச்சமில்லை. பால்காரம்மா கொடுத்த துணிகளை மட்டும் பிழிந்து கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் வாசலில் நின்றாள். பிறகு உள்ளே கொண்டுவந்து, அடுப்படியில் கரியடுப்புக்கு மேலே ஒரு கயிறு கட்டி அதில் போட்டாள். வாசலில் தொங்கினால் பால்காரம்மாவின் கண்ணில் படும் என்று நினைத்திருப்பாள். பின்பக்கக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அப்பா குனிந்து, கயிற்றில் தொங்கிய துணிகளைத் தலை தொடாமல் கடந்து உள்ளே வந்தார்.